உருளும் குண்டு, சாயும் தக்கை: வகுப்பறையில் வேகம், திசைவேகம், முடுக்கம்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வேகம், திசைவேகம், முடுக்கம் மூன்றும் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகள் சேர்ந்துகொள்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் அதே பாடம் நுண்கணிதத்தோடு திரும்பி வருகிறது. மூன்று முறை படித்த பிறகும், மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால் ‘சுழி’ என்றே பலரும் சொல்கிறார்கள். இதைக் கணக்குத் தெரியாமையின் தவறு என்று சொல்ல முடியாது. சமன்பாட்டில் எண்களைப் பொருத்தி விடை காண்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அந்த எண்கள் எந்த அசைவைச் சொல்கின்றன என்பதைத்தான் அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை.

எளிய சோதனைகள் இந்தக் குறையைத் தீர்க்குமா? எந்தச் சோதனை எதைத் தீர்க்கும்? ஏறத்தாழ நானூறு ஆண்டுச் சோதனை மரபையும், மாணவர்களின் புரிதலைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒரு சோதனைக்கு எவ்வளவு செலவாகும், பார்க்க எவ்வளவு கவர்ச்சியாக இருக்கும் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். மாணவரின் எந்தக் குழப்பத்தை அது தொடுகிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது. குழப்பம் எதுவென்று அறியாமல் செய்துகாட்டும் சோதனை வேடிக்கையோடு முடிந்துவிடும்.

முந்துவதும் விரைவதும்

1928-இல் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஐன்ஸ்டைன், உளவியலாளர் ழான் பியாஜேயிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். குழந்தை மனத்தில் முதலில் தோன்றுவது காலமா, வேகமா? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து பியாஜே செய்த ஆய்வுகள் 1946-இல் நூலாக வந்தன. அதில் ஒரு சோதனை: நீளத்தில் கண்கூடாக வேறுபடும் இரண்டு சுரங்கப் பாதைகள். இரண்டு பொம்மைகள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. எது வேகமாகப் போனது என்று கேட்டால், சிறு குழந்தைகள் ‘இரண்டும் ஒரே வேகம்’ என்கிறார்கள். ஒரு பாதை நீளமானது என்பதை ஒப்புக்கொண்டபடியே அப்படிச் சொல்கிறார்கள். சுரங்கத்தை எடுத்துவிட்டு, ஒன்றை மற்றொன்று முந்துவதைப் பார்க்கவிட்டால் விடை மாறுகிறது. குழந்தைக்கு வேகம் என்பது முந்துவது. தொலைவையும் நேரத்தையும் சேர்த்து நிதானிக்கும் பழக்கம் பிறகுதான் வருகிறது.

சின்னப் பிள்ளைகளின் மயக்கம், வளர்ந்தால் போய்விடும் என்று இதை விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டிரோபிரிட்ஜும் லிலியன் மெக்டெர்மட்டும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு 1980-இல் வெளியானது. இணையாக வைத்த இரண்டு தடங்களில் ஒரு குண்டு சீராக உருள்கிறது. இன்னொன்று வேகமாகத் தொடங்கி, மேட்டில் ஏறி மெல்லத் தளர்கிறது. தளரும் குண்டு முதலில் சீரான குண்டைத் தாண்டிப் போகும். பிறகு சீரான குண்டு அதைத் தாண்டும். இரண்டுக்கும் வேகம் எப்போது சமம்? ஒன்றையொன்று கடக்கும் கணத்தைக் காட்டிய மாணவர்கள் பலர். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேகமும் சமம் என்ற எண்ணம் கல்லூரி வரை கூடவே வந்திருக்கிறது.

இதை எந்தக் கருவியும் இல்லாமல் பள்ளி மைதானத்தில் செய்யலாம். சுண்ணாம்பால் இரண்டு இணைகோடுகள் போட வேண்டும். ஒரு மாணவி கைத்தட்டுக்கு ஏற்பச் சீராக நடக்கிறாள். இன்னொருத்தி சற்றுப் பின்னாலிருந்து விரைவாகத் தொடங்கி, முந்தி, மெதுவாகத் தளர்கிறாள். வேகம் சமம் என்று தோன்றும்போது மற்றவர்கள் கையைத் தூக்க வேண்டும். இருவரும் தோளோடு தோள் வரும்போது கைகள் உயரும். அடுத்த முறை, ஒவ்வொரு கைத்தட்டுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டே நடக்கட்டும். முதல் கோட்டில் கொட்டைகளின் இடைவெளி எங்கும் ஒன்றாக இருக்கும். இரண்டாவது கோட்டில் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இரண்டு கோட்டிலும் இடைவெளி சமமாகும் இடம், அவர்கள் ஒருவரையொருவர் கடந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருக்கும். தரையில் கிடக்கும் கொட்டைகளைப் பார்த்தபின் இடமும் வேகமும் வேறு என்று ஆசிரியர் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சீரான இயக்கம்: குமிழியில் தொடங்கலாம்

வேகத்தை அளக்கத் தொடங்குகிறவர்களுக்குச் சீராக நகரும் ஒரு பொருள் வேண்டும். அன்றாடத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை. மிதிவண்டி தளர்கிறது, பேருந்து நின்று நின்று போகிறது, உருட்டிவிட்ட பந்து ஓய்ந்துவிடுகிறது. இதற்கு ஹங்கேரியப் பள்ளிகள் ஓர் அருமையான வழி வைத்திருக்கின்றன. புடாபெஸ்ட் நகரின் லூத்தரன் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர் சாண்டோர் மிகோலா. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர் அவரிடம் படித்தவர். மிகோலாவின் பெயரால் வழங்கும் கருவி, நீர் நிரப்பி இருபுறமும் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரே ஒரு காற்றுக் குமிழி. குழாயைச் சாய்த்துப் பிடித்தால் குமிழி சீரான வேகத்தில் மேலேறுகிறது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தெளிவான பிளாஸ்டிக் ட்யூபில் ஒரு மீட்டர் வெட்டி, மரச்சட்டத்தில் நேராகக் கட்டி, முனைகளைத் தக்கையால் அடைத்தால் போதும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஒரு மாணவர் கோடுகளைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார், ஒருவர் நேரம் பார்க்கிறார், ஒருவர் எழுதுகிறார். தொலைவு இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கிறது என்பதை அட்டவணையே காட்டிவிடும். அதன்பின் ஒரு கேள்வி: குழாயை இன்னும் செங்குத்தாக்கினால் குமிழியின் வேகம் என்னவாகும்? கூடும் என்றுதான் வகுப்பே சொல்லும். அளந்தால், சாய்வு ஏறத்தாழ 45 பாகை வரும்வரை வேகம் கூடி, அதற்குமேல் குறைகிறது. ஊகத்தைச் சொல்லிவிட்டு அளப்பது எவ்வளவு அவசியம் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எளிய சோதனை அரிது.

திசை சேரும்போது

திசைவேகத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் வரையறையாகவே தருகின்றன. திசையை ஏன் சேர்க்க வேண்டும் என்ற தேவை மாணவருக்கு எழுவதில்லை. அந்தத் தேவையை மைதானத்தில் உண்டாக்கலாம். எல்லோரும் ஒரு புள்ளியில் நின்று, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 10 விநாடி நடக்க வேண்டும். திசையைச் சொல்லக் கூடாது. நின்றபின் பார்த்தால், தொடங்கிய புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தில் சிதறியிருப்பார்கள். எல்லோருக்கும் வேகம் ஒன்று. போய்ச் சேர்ந்த இடம் வேறு. ‘கிழக்கே’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் போய் நிற்பார்கள்.

அடுத்தது 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம். விநாடிக்கு 1 மீட்டர் என்று நடந்தால் இரண்டு பக்கங்களை 20 விநாடியில் கடக்கலாம். நடந்த தொலைவு 20 மீட்டர். தொடங்கிய மூலையிலிருந்து நிற்கும் மூலைக்குக் கயிறு பிடித்து அளந்தால் இடப்பெயர்ச்சி சுமார் 14.1 மீட்டர், சராசரித் திசைவேகம் மூலைவிட்டத்தின் திசையில் விநாடிக்கு 0.7 மீட்டர். நான்கு பக்கமும் சுற்றி வந்தால் தொலைவு 40 மீட்டர், இடப்பெயர்ச்சி சுழி, சராசரித் திசைவேகமும் சுழி. ‘இவ்வளவு நடந்தவனுக்குத் திசைவேகம் எப்படி சார் சுழி?’ என்ற சண்டை இங்கே வர வேண்டும். அதற்கு ஆசிரியர் இடம் கொடுக்க வேண்டும். கால் வலித்ததற்குக் கணக்கு தொலைவில் இருக்கிறது, ஊர் போய்ச் சேர்ந்ததற்குக் கணக்கு இடப்பெயர்ச்சியில் இருக்கிறது என்று மாணவர்களே பிரித்துச் சொல்லும் வரை அந்த வாதம் நடக்கலாம்.

கலிலியோவின் பலகை

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறத்தாழ 0.45 விநாடி ஆகிறது. கைக்கடிகாரத்தால் அதை அளக்க முடியாது. கலிலியோவிடம் அதுவும் இல்லை. அதனால் விழுவதை அவர் மெதுவாக்கினார். 1638-இல் லெய்டன் நகரில் அச்சான ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில் அந்த ஏற்பாட்டை விவரிக்கிறார். சுமார் 12 முழ நீளமுள்ள பலகை, அதில் வழவழப்பான நேர்க்காடி, காடியில் ஒட்டிய தோல்தாள், உருள்வதற்கு வெண்கலக் குண்டு. பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய்வழி ஒழுகும் நீரைப் பிடித்து எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். முழு நேரத்தில் குண்டு கடந்த தொலைவை ஒன்று என்று வைத்தால், பாதி நேரத்தில் அது கடந்தது அதில் கால் பங்குதான். தொலைவு நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பது இப்படித்தான் பிடிபட்டது.

இவ்வளவு துல்லியம் அந்தக் கருவிகளால் முடியுமா என்று வரலாற்றாசிரியர் அலெக்சாந்தர் கோய்ரே ஐயப்பட்டார். 1961-இல் தாமஸ் செட்டில் அதேபோன்ற பொருள்களைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்து, முடியும் என்று காட்டினார். கலிலியோவின் கையெழுத்துத் தாள்களை ஆராய்ந்த ஸ்டில்மன் டிரேக் இன்னொரு வாய்ப்பையும் முன்வைத்தார்: காடியின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றைத் தாண்டும் ஒலி சம இடைவெளியில் கேட்கும்வரை இடம் மாற்றியிருக்கலாம். கலிலியோவின் தந்தை வின்சென்சோ இசைவாணர்; தாளம் பிசகினால் மகனின் காதுக்குத் தெரிந்திருக்கும்.

தாளம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மின்கம்பி ஓட்டப் பயன்படும் பிவிசி கேசிங் பட்டை 2 மீட்டர், ஒரு கோலிக்குண்டு, தையல் நூல். பட்டையின் ஒரு முனையை 3 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்தி வைத்தால் குண்டு கீழே வர ஆறேழு விநாடி எடுத்துக்கொள்ளும். முதலில் 48 சென்டிமீட்டருக்கு ஒரு நூலாகக் காடியின் குறுக்கே ஒட்ட வேண்டும். குண்டு ஒவ்வொரு நூலையும் தாண்டும்போது ‘டக்’ என்று கேட்கும். அந்த ஒலிகள் வரவர நெருங்கும். பிறகு நூல்களை எடுத்து, தொடக்கத்திலிருந்து 12, 48, 108, 192 சென்டிமீட்டரில் ஒட்ட வேண்டும். இப்போது இடைவெளிகள் 12, 36, 60, 84. அதாவது 1, 3, 5, 7 என்ற விகிதம். கண்ணுக்கு நூல்கள் விலகிக்கொண்டே போகின்றன, காதுக்குத் தாளம் சமமாக விழுகிறது. ஒரு தாளத்தில் கடக்கும் தொலைவு, அடுத்த தாளத்தில் எப்போதும் அதே 24 சென்டிமீட்டர் கூடுகிறது. சீரான முடுக்கம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. உயரத்தை மாற்றினால் தாளத்தின் நடை மாறும், 1, 3, 5, 7 மாறாது. அதையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

விரைவு வேறு, முடுக்கம் வேறு

வேகமாகப் போகும் பொருளுக்கு முடுக்கமும் அதிகம் என்பது பரவலான எண்ணம். அதை உடைக்க வடிவியல் பெட்டியில் இருக்கும் பாகைமானி போதும். அதைத் தலைகீழாகப் பிடித்து, மையத்தில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட வேண்டும். நூல் 90 பாகைக் கோட்டில் நிற்கும். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, பாகைமானியின் தட்டையான பக்கம் பயணத் திசைக்கு இணையாக இருக்கும்படி பிடித்தால், வண்டி நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது நூல் பின்னால் சாயும். பிரேக் போடும்போது முன்னால் சாயும். நூல் 6 பாகை விலகினால் முடுக்கம் ஏறத்தாழ 1 மீ/வி², 11.5 பாகைக்கு 2, 17 பாகைக்கு 3. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி 5 விநாடியில் சீராக நின்றால் அதன் எதிர்முடுக்கம் 2 மீ/வி². கணக்கில் வந்த இந்த எண்ணை நூலின் சாய்வில் பார்க்கலாம். புறவழிச் சாலையில் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் பறக்கும்போது நூல் நேராகத் தொங்கும். விரைவு உச்சத்தில் இருக்கிறது, முடுக்கம் இல்லை.

திசை மாறினாலும் முடுக்கம் உண்டு என்பது இன்னும் கடினமான கருத்து. வட்டப்பாதையில் சீரான வேகத்தில் சுற்றும் பொருளுக்கு முடுக்கம் மையத்தை நோக்கி இருக்கிறது என்பதைப் படிக்கிறார்கள், நம்புவதில்லை. நிறைய நீர் நிரப்பிய தெளிவான பாட்டிலின் மூடியில் உட்புறமாக ஒரு நூலைக் கட்டி, நுனியில் சிறு தக்கையையோ தெர்மோகோல் உருண்டையையோ இணைத்து, பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். தக்கை நூலை இழுத்துக்கொண்டு மேலே மிதக்கும். பாட்டிலை முன்னால் தள்ளினால் தக்கையும் முன்னால் சாயும். கனமான நீர் பின்தங்கி, இலேசான தக்கையை முன்னே தள்ளுகிறது. முடுக்கம் எந்தப் பக்கமோ தக்கையும் அந்தப் பக்கம். இப்போது பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவர் நின்ற இடத்தில் சுற்றட்டும். தக்கை வெளியே சாயும் என்று எதிர்பார்ப்பார்கள். அது அவரது மார்பை நோக்கி, உள்ளே சாயும்.

வரைபடம் என்னும் தடை

சோதனையில் கிடைத்த எண்களை வரைபடமாக்கும் இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். நேரம் கூடக்கூடத் தொலைவுக் கோடு மேலேறினால், பொருள் மேட்டில் ஏறுவதாக வாசிக்கிறார்கள். வரைபடத்தைப் படமாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை 1980-களிலிருந்து பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இதற்கு நல்ல மருந்து, தன் உடம்பின் அசைவே வரைபடமாவதைப் பார்ப்பது. தொலைவுணரியின் முன் மாணவர் நடக்க, கணினித் திரையில் உடனுக்குடன் கோடு வளரும் முறையை ஹெதர் பிராசெல் ஆராய்ந்தார். 1987-இல் வெளியான அந்த ஆய்வில், கோடு 20 விநாடி தாமதமாக வந்தபோதே பயன் பெருமளவு குறைந்தது. அசைவும் கோடும் ஒரே கணத்தில் இணைய வேண்டும். உணரி இல்லாத பள்ளியில், ஆசிரியர் கரும்பலகையில் மெதுவாக ஒரு கோட்டை வரைந்துகொண்டே போக, அதற்கேற்ப மாணவர் முன்னும் பின்னும் நடப்பதும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

உண்மையான தரவும் ஊக்கம் தரும். 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். 20, 40, 60, 80 மீட்டர்களை அவர் கடந்த நேரங்கள் 2.89, 4.64, 6.31, 7.92 விநாடி. சராசரி வேகம் விநாடிக்கு 10.4 மீட்டர். 60-க்கும் 80-க்கும் இடையே அது 12.4-ஐத் தொடுகிறது, கடைசி 20 மீட்டரில் 12.05-ஆகக் குறைகிறது. சராசரிக்கும் கணநேர வேகத்துக்கும் உள்ள வேறுபாடு, தொடக்கத்தின் பெரிய முடுக்கம், முடிவின் சிறு எதிர்முடுக்கம் எல்லாம் இந்த ஐந்து எண்களில் இருக்கின்றன. உலகின் மிக விரைவான மனிதரும் இறுதியில் தளர்கிறார் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சி தனி.

உச்சியில் நிற்கும் பந்துக்கும் விடை வரைபடத்தில்தான் இருக்கிறது. பட்டையில் கோலிக்குண்டைக் கீழிருந்து மேலே தள்ளிவிட்டு, அது ஏறித் திரும்புவதைக் கைப்பேசியில் படமெடுத்து, திசைவேகத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு சாய்கோடு கிடைக்கும். அது சுழியைக் கடக்கும் இடத்திலும் சாய்வு மாறுவதில்லை. சாய்வுதான் முடுக்கம். ஒரு கணம் நின்றது திசைவேகம். முடுக்கம் நிற்கவே இல்லை.

நாடாவும் சொட்டும் கைப்பேசியும்

1956-இல் அமெரிக்காவில் தொடங்கிய பள்ளி இயற்பியல் சீர்திருத்தமும், 1960-களில் பிரிட்டனில் வந்த நஃபீல்ட் திட்டமும் டிக்கர் நாடாவைப் பரப்பின. பிரிட்டனில் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பயன்படுத்தி விநாடிக்கு 50 புள்ளிகள் குத்தினார்கள். வண்டி இழுத்துச் செல்லும் காகித நாடாவைப் பத்துப் பத்துப் புள்ளிகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 0.2 விநாடிப் பயணம். துண்டுகளை வரிசையாக ஒட்டினால் அதுவே திசைவேக வரைபடம். மாணவர் தன் கையால் ஒட்டிய வரைபடம் என்பதால் அதைப் படமாகத் தவறாக வாசிக்க வாய்ப்பு குறைவு.

நாடாக் கருவி இல்லையென்றால் மருத்துவமனையில் பயன்படும் டிரிப்ஸ் குழாய் உதவும். வண்ண நீர் பாட்டிலை மிதிவண்டி கேரியரில் கட்டி, சொட்டு ஒரே சீராக விழும்படி திருகை வைத்து, சிமென்ட் தரையில் ஓட்டினால் சொட்டுகளின் இடைவெளி வேகத்தைச் சொல்லும். ஆசிரியரின் கைப்பேசியும் நல்ல ஆய்வகம்தான். ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலியும், காணொளியைப் பகுத்துக் காட்டும் டிராக்கர் மென்பொருளும் இலவசம். ஓர் எச்சரிக்கை: மேசையில் சும்மா கிடக்கும் கைப்பேசியின் முடுக்க உணரி 9.8 என்று காட்டும். மேசை தாங்குவதையும் அது சேர்த்தே அளக்கிறது. இதனால் புதிதாகப் படிக்கிறவர் குழம்பிப்போவார். முதல் பாடத்துக்குப் பாகைமானியே மேல்.

பிழையை மறைக்கக் கூடாது

கண்டதும் கை பொத்தானை அழுத்த ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. அதையும் மாணவர்களே அளக்கலாம். ஒருவர் அளவுகோலைத் தொங்கவிட்டு முன்னறிவிப்பின்றி விட, மற்றவர் பிடிக்கிறார். 20 சென்டிமீட்டர் நழுவியிருந்தால் எதிர்வினைக்கு 0.2 விநாடி ஆகியிருக்கிறது. ஒரு விநாடிச் சோதனையில் அது பெரிய பிழை. ஆறு விநாடிச் சோதனையில் சிறியது. கலிலியோ ஏன் பலகையைச் சாய்த்தார் என்பது இங்கே முழுமையாக விளங்கும். பாடநூல் விடையோடு பொருந்த வேண்டும் என்று எண்களைத் திருத்தி எழுதும் பழக்கம் நம் ஆய்வக ஏடுகளில் இருக்கிறது. ஐந்து முறை அளந்து, ஐந்தையும் எழுதி, ஏன் வேறுபட்டன என்று பேசுவதே அறிவியலுக்கு நேர்மையானது.

இனி செய்ய வேண்டியது

இந்தியாவில் இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் தாமே சோதனை செய்து கற்க முடியும் என்று முப்பது ஆண்டுகள் காட்டியது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கமும் ‘துளிர்’ இதழும் அதே நம்பிக்கையை வளர்த்து வந்திருக்கின்றன. பொருள்களுக்கோ ஆர்வத்துக்கோ இங்கே பஞ்சமில்லை. பாடவேளையும் தேர்வும்தான் இடம் தரவில்லை.

வகுப்பில் வரிசை மாற வேண்டும். முதலில் மாணவர் ஊகத்தைச் சொல்லட்டும், பிறகு நடக்கட்டும், அளக்கட்டும், வரையட்டும். சூத்திரம் கடைசியில் வரட்டும். அப்போது அது தான் கண்டதன் சுருக்கமாக இருக்கும். தேர்விலும் மாற்றம் வேண்டும். கோலிக்குண்டு சோதனையின் அட்டவணையைக் கொடுத்து, முடுக்கம் சீரானதா, எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு வினா ஆண்டுதோறும் கேட்கப்பட்டால், அதற்காகவாவது எல்லாப் பள்ளியிலும் குண்டு உருளத் தொடங்கும். ஏழாம் வகுப்பில் நான்கு பாடவேளை, ஒரு பட்டை, ஒரு பாட்டில், ஒரு பாகைமானி. இதைக் கேட்பது ஆடம்பரம் அல்ல. இந்தப் பாடத்தைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்வதற்கு இதுவே குறைந்தபட்சத் தகுதி.